பயணத்தில் தினசரி நடையை வாட்ஸ்அப் குழுவோடு பகிர்வது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் தொடங்கி செங்கோட்டை, கம்பம், போடி என்று கேரள எல்லையோரமாக 10 நாள் பயணம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன். ஊரில் எங்கள் நடைக்குழுவில் 40 பேர், பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்கள். அவர்களோடு தினசரி நடையை எப்படிப் பகிர்வது? போன முறை ஜிபிஎஸ் பதிவு பாதியிலேயே நின்றுவிட்டது. போட்ட படங்களையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதில்:

நடக்கும்போது பதிவு மட்டும் ஓடட்டும். பகிர்வதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதுகாப்பு, பேட்டரி, குழுவின் பொறுமை மூன்றும் தப்பிக்கும். நடந்துகொண்டே படம் படமாக அனுப்பினால் 40 பேரின் போனும் காலையிலேயே டிங் டிங் என்று அடிக்கும், பாதிப் பேர் குழுவை மியூட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு நல்ல படம் வந்தாலும் பார்க்க ஆள் இருக்காது.

முதலில் பதிவு ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் ஜிபிஎஸ் மேல் தவறில்லை. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போனே அந்தச் செயலியை மூடிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், செயலிகள், நீங்கள் பயன்படுத்தும் நடைச் செயலி, பேட்டரி என்று வரிசையாகப் போய் ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லொக்கேஷன் அனுமதியைச் செயலி கேட்கும் அளவுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ‘துல்லியமான இடம்’ என்பதும் ஆன் ஆகியிருக்கட்டும். பேட்டரி சேவர் ஓடினால் திரை அணைந்ததும் சில போன்களில் ஜிபிஎஸ்ஸும் அணைந்துவிடும், அதனால் நடக்கும் ஒரு மணி நேரமாவது அதை ஆஃப் செய்துவையுங்கள். சில நிறுவனங்களின் போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று இன்னொரு பொத்தான் ஒளிந்திருக்கும், அதையும் திறந்துவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாளே சோதித்துப் பாருங்கள். பதிவைத் தொடங்கி, திரையைப் பூட்டி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி 15 நிமிடம் நடந்தால் போதும். வரைபடத்தில் கோடு தெருவோடு வளைந்து வந்தால் சரி. எங்காவது கோடு நூல் பிடித்ததுபோல் நேராகக் குளத்தைத் தாண்டி, கூரைகளைத் தாண்டிப் போனால், அந்த இடத்தில் செயலி செத்துப் பிழைத்திருக்கிறது என்று பொருள்.

செயலி எதுவானாலும் பரவாயில்லை. மலையோரத்துக்கு நெட் இல்லாமலும் வரைபடம் காட்டும் ஆஸ்ம்அண்ட் (OsmAnd) வசதியானது என்பது என் எண்ணம். இந்த எல்லைக்கென்று ஒரு விஷயம்: அதில் வரைபடங்கள் மாநிலவாரியாக இறங்கும். தமிழ்நாட்டை மட்டும் இறக்கி வைத்திருந்தால், புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனதும், குமுளியில் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், தெரு விவரம் எதுவும் இல்லாமல் வரைபடம் வெறிச்சென்று கிடக்கும். வீட்டு வைஃபையிலேயே தமிழ்நாடு, கேரளம் இரண்டையும் இறக்கிவிடுங்கள்.

பதிவு இடைவெளியாக 5 நொடி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 720 புள்ளி, நடைக்கு இது தாராளம். 1 நொடி வைத்தால் பேட்டரிதான் போகும். ‘குறைந்தபட்ச நகர்வு’ என்ற அமைப்பு இருந்தால் 5 மீட்டர் போடுங்கள். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் ஜிபிஎஸ் புள்ளி சும்மா இருக்காது, கடையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கோடு பின்னி, நடக்காத 200, 300 மீட்டரைக் கணக்கில் ஏற்றிவிடும். இந்த அமைப்பு அதைப் பெருமளவு தடுக்கும். கையால் ‘பாஸ்’ (pause) போட்டுப் பதிவை இடையில் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போட்டவர் மறுபடி ஓடவிட மறப்பதுதான் வழக்கம்.

தொடங்குமுன் திறந்த வெளியில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று, இடம் பிடித்த பிறகு அடியெடுத்து வையுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே தொடங்கினால் இலைக் கூரையின் கீழ் முதல் சில நூறு மீட்டர் கோணல்மாணலாக விழும். மலைச்சரிவை ஒட்டிய சாலையிலும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் கோடு சாலையை விட்டுச் சற்று விலகும். அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம்.

எல்லையோரத்தில் பேட்டரியைத் தின்பது ஜிபிஎஸ்ஸைவிட டவர்தான். போன் தமிழ்நாட்டு டவரையும் கேரள டவரையும் மாறி மாறிப் பிடிக்கும், பள்ளத்தில் எதுவும் கிடைக்காமல் முழு பலத்தோடு தேடிக்கொண்டே இருக்கும். டவர் சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் ஓடும். ஆனால் இடம் பிடித்த பிறகு போடுங்கள். நெட் உதவி இல்லாமல் செயற்கைக்கோளிடமிருந்தே தகவலை இறக்க வேண்டியிருந்தால் சில நிமிடம் இழுக்கும். அந்த நேரம் அழைப்பு வராது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் போனுக்கு உண்மையில் போய்ச் சேருவது 6,000 சொச்சம்தான், மின்னழுத்தத்தை மாற்றுவதில் மிச்சம் போய்விடும். ஒரு நாளுக்கு அது போதும், இரவில் அதையும் சார்ஜ் போட மறக்காதீர்கள்.

இனி எண்கள். குழுவில் சண்டை வருவது இங்கேதான்: “என் போன் 7 காட்டுது, உங்களுது எப்படி 5?” பெடோமீட்டர் அடிகளை எண்ணி, ஒரு சராசரி அடி நீளத்தால் பெருக்குகிறது. ஏற்றத்தில் அடி குட்டையாகும், அதனால் தூரம் கூடுதலாகக் காட்டும். ஜிபிஎஸ் இதற்கு நேர்மாறு. பண்பொழி திருமலைக் கோயிலுக்கு 600-க்கும் மேற்பட்ட படிகள். ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும், ஜிபிஎஸ்ஸோ சில நூறு மீட்டர் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டும் அதனதன் கணக்கில் சரிதான். பயணத்துக்கு முன் பள்ளி மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் உள்கோட்டில் இரண்டரைச் சுற்று நடந்து அடிகளை எண்ணினால் உங்கள் 1 கிலோமீட்டருக்கு எத்தனை அடி என்று தெரிந்துவிடும். 1,000 மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் வரும் அடி நீளத்தைச் செயலியில் போடுங்கள்.

‘மொத்த ஏற்றம்’ என்று செயலி காட்டும் எண்ணை மட்டும் பகிரவே வேண்டாம். போன் சொல்லும் உயரத்தில் பிழை தூரத்தில் வருவதைவிட அதிகம். சமதளத்தில் போனாலும் 3 மீட்டர் மேலே, 4 மீட்டர் கீழே என்று ஆடும். அந்த ஆட்டத்தில் மேலே போனதையெல்லாம் கூட்டிக் கூட்டி, கம்பத்தில் திராட்சைத் தோட்ட ஓரம் நடந்ததற்கு 150 மீட்டர் ஏறினீர்கள் என்று சொல்லும். தொடங்கிய இடத்தின் உயரம், முடித்த இடத்தின் உயரம், இரண்டையும் வரைபடத்தில் பார்த்து எழுதுங்கள்.

குழுவுக்கு நான் சொல்லும் பொது அளவு நிமிடம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் நிமிடக் கணக்கில்தான். முட்டி வலிக்காரர் 30 நிமிடத்தில் 1.5 கிலோமீட்டர் போனாலும் அது 30 நிமிடமே. நீங்கள் கிளம்பும் முன்பே, “நான் அங்கே நடக்கும் 60 நிமிடத்தை நீங்கள் ஊரில் உங்களால் முடிந்த அளவு நடங்கள்” என்று கேளுங்கள். மாலையில் அவரவர் தம் நிமிடத்தைப் போடட்டும், ஒருவர் கூட்டி எழுதட்டும். யார் முதலிடம் என்ற பட்டியல் வேண்டாம், அது கடைசியில் இருப்பவரைத்தான் முதலில் விரட்டும்.

மாலைப் பதிவு இந்த அளவில் போதும்: வரைபட ஸ்க்ரீன்ஷாட் ஒன்று, படம் மூன்று, ஐந்தாறு வரி. மாதிரிக்கு:

“நாள் 4, குற்றாலம். பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை, சுமார் 5 கி.மீ., 70 நிமிடம். தார்ச்சாலை, லேசான ஏற்றம், நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை. சாரல் விட்டு விட்டு விழுந்தது, குடை தேவைப்பட்டது. முட்டி வலிக்காரர் பாதி வழி வந்து ஆட்டோவில் திரும்பலாம். கேள்வி: மூன்றாவது படத்தில் கூடையில் இருப்பது என்ன பழம்?”

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். பதில் சொல்ல ஒன்று இருந்தால்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள். “அருமையான காலை” என்ற வரிக்குக் கட்டைவிரலைத் தவிர வேறென்ன பதில் இருக்கிறது? சாலையின் ஓரம் மண்ணா, சிமெண்டா, நிழல் எதுவரை, கழிப்பறை எங்கே, உட்காரத் திண்ணை உண்டா என்பதெல்லாம் 60 வயதுக்காரருக்கு அருவிப் படத்தைவிட முக்கியம்.

படத்துக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் மலைமுகத்தில் நேரே விழும், மடிப்பெல்லாம் தெளிவாக வரும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், எடுத்தால் கறுப்புச் சுவர்தான். குரல்பதிவு அனுப்புவதானால் அருவிக்கு முதுகைக் காட்டி, நன்றாக விலகி நின்று, 30 நொடிக்குள் பேசுங்கள். கிட்டே நின்றால் மைக்கில் இரைச்சல் மட்டுமே ஏறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை கட்டாயம். ஈரம் பட்ட திரை தானாகவே அழுத்திக்கொண்டு பதிவை நிறுத்திவிடும், திரையைப் பூட்டியே வையுங்கள்.

இனிப் பாதுகாப்பு. லைவ் லொக்கேஷனைக் குழுவில் போடாதீர்கள், வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு உண்டு, காலை நடைக்கு 1 மணி பத்தாது, 8 மணியைப் போட்டுத் திரும்பியதும் நிறுத்துங்கள். பதிவை லாட்ஜ் வாசலில் தொடங்காமல் 300 மீட்டர் தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி அங்கேயே முடியுங்கள். தினமும் ஒரே வாசலில் தொடங்கும் கோடு நீங்கள் தங்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது நீங்கள் நடந்த தடம் பதிவான கோப்பை, பகிர்வது என்றால் ஒருவருக்கு வழி சொல்வது. நீங்கள் உள்ளூர்க்காரர் துணையோடு போன காட்டுத்தடத்தில் இன்னொருவர் தனியாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார். போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். அப்படிப் போன நடையானாலும் படத்தையும் எழுத்தையும் பகிருங்கள், கோப்பைப் பகிராதீர்கள். யானையைப் பார்த்தால் இடத்தை எழுதாதீர்கள், மறுநாள் அங்கே கூட்டம் கூடும்.

வழித்தடத்தில் சில: புளியரைக்கு மேலே கோட்டைவாசல் போகும் மலைச்சாலையில் லாரிகள் ஓயாது, நடக்க ஏற்றதல்ல. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைச் சாலையில் நின்றே நன்றாகப் படம் எடுக்கலாம். அகலப்பாதை போட்டு 2018 முதல் ரயில் ஓடுவதால் தண்டவாளத்தில் ஏறவே கூடாது. லோயர் கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் தாராளமாக நிற்கலாம், முல்லைப் பெரியாறு அணையைப் படமெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் குமுளி மலைச்சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிறைந்திருக்கும், அப்போது சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடப்பது நிம்மதி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அதுதான், அன்றைய கேள்விக்கு ஆகும். கொடியையோ குலையையோ தொடுமுன் தோட்டக்காரரைக் கேளுங்கள், வேலை செய்பவர்களைப் படமெடுக்குமுன்னும் அப்படியே.

நாகர்கோவிலிலிருந்து முதல் நாள் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடக்கலாம் என்று நினைத்தால், அந்த நாள் திங்கள்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு, திங்கள் விடுமுறை. திங்கள்தான் அமைகிறது என்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். 115 அடி உயரத்தில் நடக்கலாம், கைப்பிடிச் சுவர் உண்டு, தலை சுற்றுபவர்கள் கீழேயே ஆற்றோரம் நின்று பார்க்கட்டும்.