சண்டை முடியட்டும், பகை இருக்கட்டும்

கேள்வி: பாம்பனில் நண்பர்கள் சேர்ந்து யூடியூபுக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கிறோம். விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி மாமனார், நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் மருமகன். ஒரு எபிசோடு 20 நிமிடம். சண்டை நன்றாகத் தொடங்குகிறது, முடிக்கத் தெரியவில்லை. 'மெகா சீரியல் மாதிரி இருக்கு' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மாமனார் கொடுத்த கடனை முதல் எபிசோடிலேயே சண்டைக்குள் இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடன், கௌரவம், 'என் பொண்ணைக் கொடுத்தேனே' எல்லாம் தொடர் முழுக்கத் தீரக் கூடாதவை. தீர்ந்தால் கதையே தீர்ந்தது. எபிசோடில் சண்டை ஓர் ஐஸ் பெட்டிக்காக வரட்டும். பெட்டி கிடைக்கும், அல்லது உடையும். கடன் அப்படியே நிற்கும்.

சரி, அந்தப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மாமனாரின் விசைப்படகு கரையில் கிடக்கிறது, மருமகனின் நாட்டுப்படகு கடலுக்குப் போகிறது. யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே மாறிப்போகும் நேரம். (என்னைக் கேட்டால் முழுத் தொடரையும் இந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துவிடலாம்.) மருமகன் பெட்டியை இரவல் கேட்கிறான். கொடுக்க மனமில்லாமல், 'ஓட்டைப் பெட்டிப்பா' என்று மாமனார் ஒரு பொய் சொல்கிறார். மூன்றாவது நிமிடத்துக்குள் இது நடந்துவிட வேண்டும். அதற்குமேல் யாரும் கத்த வேண்டியதில்லை, பொய்யே சண்டையை இழுத்துக்கொண்டு போகும். சாயங்காலம் ஒரு வியாபாரி அதே பெட்டியை நல்ல விலைக்குக் கேட்கிறார். மருமகன் பக்கத்தில் நிற்பதால் அவரிடமும் ஓட்டை என்றே சொல்லியாக வேண்டும். 'காலையில ஃபைபர் ஒட்டுற ஆளைக் கூட்டிட்டு வர்றேன் மாமா' என்கிறான் மருமகன். ராத்திரியோடு ராத்திரியாக மாமனாரே பெட்டியில் ஓட்டை போட உட்காருகிறார்.

முடிவில் மன்னிப்புக் காட்சி வேண்டாம். பொய் வெளிப்பட்டாலே சண்டை முடிந்துவிட்டது. 1989 முதல் 1998 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் 'சீன்ஃபெல்ட்'டில், யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது, யாரும் பாடம் கற்கக் கூடாது என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் வைத்திருந்த விதி. நமக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. மருமகன் நீட்டும் கணவாய் மீனை மாமனார் முறைத்துக்கொண்டே வாங்கட்டும், போதும்.

அப்புறம், அத்தைக்கும் ஒரு குட்டிக் கதை கொடுங்கள். சீட்டுப் பணத்தை அவர் ஒளித்து வைத்திருப்பதே அந்தப் பெட்டியின் உள்சுவரில் என்றால், டிரில்லிங் மெஷினோடு நோட்டுத் துணுக்குகளும் சுற்றிக்கொண்டு வரும். அந்த நேரம் பார்த்து அத்தை லைட்டைப் போடட்டும். இதை 16-வது நிமிடத்துக்கு முன்னால் மட்டும் வைத்துவிடாதீர்கள்.