முகவாய் முடிக்கு லேசர்: தவணைத் தாளில் கையெழுத்திடும் முன்

கேள்வி: எனக்கு வயது 27. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான் நல்ல கறுப்பு. முகவாயிலும் தாடை ஓரத்திலும் முடி கரகரவென்று முளைக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை த்ரெடிங் செய்துகொள்கிறேன். மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை. தை மாதம் திருமணம். இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு லேசர் மையத்தில் விசாரித்தேன். முழு முகத்துக்கும் எட்டு முறை செய்துகொண்டால் இனி வாழ்நாளில் முளைக்காது, மாதத் தவணையில் கட்டலாம், இன்றே சேர்ந்தால் பாதி விலை என்றார்கள். முகம் கருகிவிடுமா? லேசர் கர்ப்பப்பையைப் பாதிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். எதை எதிர்பார்க்கலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் போக்கிவிடலாம். முடி நீக்கும் லேசர் வெறும் ஒளி. தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். எக்ஸ்ரே வகைக் கதிர்வீச்சு அதில் கிடையாது. முகவாயில் விழுகிற ஒளி கர்ப்பப்பைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. கர்ப்பிணிகளுக்குத் தோல் மருத்துவர்களாகிய நாங்கள் தள்ளிப்போடுவது உண்மைதான். அவர்களிடம் போதிய ஆய்வுகள் நடக்கவில்லை, அவசரமான சிகிச்சையும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

அடுத்தது அந்த வாழ்நாள் உத்தரவாதம். முடிக்குக் கறுப்பு நிறம் தருகிற மெலனின் லேசர் ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு வேரைப் பொசுக்குகிறது. வளரும் பருவத்தில் இருக்கிற முடியிடம்தான் இது பலிக்கும். உறங்கிக் கிடக்கும் வேர்கள் அன்றைக்குத் தப்பிவிட்டுப் பிறகு முளைக்கும். அதனால்தான் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், ஆறு முதல் எட்டு முறை தேவைப்படுகிறது. அதற்குப் பிறகும் பெரும்பாலோருக்கு முடி குறையும், மெலியும். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். இந்தக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்.டி.ஏ.கூட, முடியின் எண்ணிக்கை நெடுங்காலத்துக்குக் குறையும் என்று சொல்லிக்கொள்ளத்தான் விடுகிறது. அதைத் தாண்டி உத்தரவாதம் தர அண்ணா நகருக்கு எங்கிருந்து அதிகாரம் வந்ததோ தெரியவில்லை. உங்களுக்கு ஹார்மோன் காரணம் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் எட்டு முறை முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஓரிரு முறை போக வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்குள் மூன்று முறை செய்யலாம். கடைசி முறைக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் ஒரு மாதமாவது விடுங்கள். மூன்று முறையில் முடி வளரும் வேகம் குறைந்து தொட்டால் மென்மையாகத் தெரியும், முழுதாகப் போகாது. கல்யாண அவசரத்தைக் காட்டினால் இடைவெளியைக் குறைத்து அடுத்தடுத்துச் செய்துவிடலாம் என்பார்கள். பணம்தான் வீண்.

கருகுமா என்ற கேள்விக்கு நேர் பதில்: தவறாகச் செய்தால் கருகும். உங்கள் தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. ஒளிக்கு எது முடி, எது தோல் என்று தெரியாது. கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் மிகப் பாதுகாப்பானது. அது ஆழமாக இறங்கும், மேல்தோல் நிறமியை அதிகம் சீண்டாது. நல்ல குளிரூட்டும் வசதியும் அனுபவமுள்ள கையும் இருந்தால் டயோடு லேசரும் நமக்கு ஒத்துவரும். ஐ.பி.எல். என்பது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த அந்த ஒளியையும் லேசர் என்ற பெயரில் விற்கிறார்கள். உங்கள் நிறத்துக்கு அது வேண்டாம். எந்தக் கருவி என்று கேளுங்கள். "லேட்டஸ்ட் மெஷின்" என்று மட்டும் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தாடைக்கு அடியில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, முடிந்தால் ஒரு வாரம் பொறுத்து, பிறகு மீதியைச் செய்யச் சொல்லுங்கள். அன்றே சோதனை, அன்றே சிகிச்சை என்றால் அது சோதனையே அல்ல.

ஒவ்வொரு முறையும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போல் வலிக்கும். முகவாய்க்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. முடி இருந்த இடமெல்லாம் சிறு தடிப்பும் சிவப்பும் வரும், ஓரிரு நாளில் அடங்கும். வேர் சூடானதற்கு அதுதான் அடையாளம். பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரை கறுப்புப் புள்ளிகளாக முடி மேலே தள்ளப்பட்டு உதிரும். இதைப் பார்த்துத்தான் பலர் முடி மறுபடி முளைக்கிறது என்று பதறுகிறார்கள். கொப்புளமோ பொருக்கோ வந்தால் கதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது 'முழு முகம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். நீங்கள் முகவாய்க்கும் தாடைக்கும் கேட்டீர்கள். அவர்கள் கன்னத்தையும் சேர்த்துவிட்டார்கள். கன்னத்தில் இருப்பது பூனைமுடி. மெலிசானது, நிறம் குறைந்தது. அதில் வேரைப் பொசுக்கும் அளவுக்கு மெலனின் இல்லை. அரைகுறையாகச் சூடேறும் வேர் சாவதற்குப் பதிலாகத் தூண்டப்பட்டு, பூனைமுடி தடித்த கறுப்பு முடியாக மாறுவது உண்டு. எல்லோருக்கும் நேர்வதில்லை. ஆனால் முகத்திலும் கழுத்திலும், நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களிடம், அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முகவாயில் இருந்த பிரச்சினை கன்னம் முழுவதும் பரவினால் அதற்கும் ஒரு புதிய பேக்கேஜ் விற்பார்கள். சிகிச்சை செய்த இடத்துக்கு ஓரத்தில் உள்ள பூனைமுடிகூடச் சில சமயம் தடிக்கும் என்பதால், நல்ல மருத்துவர் எல்லை வரைந்துகொண்டு சுற்றியுள்ள தோலைக் குளிரவைத்தே செய்வார். கை வைத்தால் கரகரப்பாகத் தட்டுப்படுகிற முடிக்கு மட்டும் லேசர். கன்னத்துப் பக்கம் கருவி போகக் கூடாது என்று தாளிலேயே எழுதி வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கோ முழு முகமும் செய்து நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். இருக்கலாம். உங்களுக்குச் சொல்கிறேன், வேண்டாம்.

அந்த மையத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு உங்களிடம் பேசியவர் மருத்துவரா? பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி. சேர்ப்பவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை வாங்குகிறவரிடம் "எனக்கு இது தேவையா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? 'இன்றைக்கு மட்டும்' என்ற சலுகை அடுத்த வாரமும் இருக்கும். தவணையில்தான் பெரிய பொறி. நீங்கள் மையத்துக்குத் தவணை கட்டுவதாக நினைப்பீர்கள். செல்போனில் ஓ.டி.பி. கேட்டு வாங்கி உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டிருப்பார்கள். மொத்தப் பணமும் மையத்துக்குப் போய்விடும். நாளைக்கே அவர்கள் கடையை மூடினாலும் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் பிடிப்பது நிற்காது. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பாதியில் விலகும் சுதந்திரம் கையில் இருக்கும்.

யார் கருவியைப் பிடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவர் முதலில் உங்களைப் பரிசோதித்து, சிகிச்சை நடக்கும்போது அங்கேயே இருக்க வேண்டும். சில வார 'காஸ்மெட்டாலஜி' சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் நம் மாநிலத்தில் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. இருபத்தொரு ஆண்டு! அந்தச் சட்டப்படியான பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாநகராட்சியின் வணிக உரிமத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். அது கடைக்கான உரிமம்.

லேசருக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒழுங்கற்ற மாதவிடாயும் முகவாய் முடியும் சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டீரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் போதும். அரசுப் பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ புறநோயாளிப் பிரிவில் காட்டினால் செலவும் குறைவு. காரணத்தைக் கவனிக்காமல் வேரை மட்டும் பொசுக்கினால் புது வேர்கள் விழித்துக்கொண்டே இருக்கும். ஹார்மோன் கோளாறுக்குத் தரும் மாத்திரைகளின் பலன் முடியில் தெரிய ஆறு மாதம் போல ஆகும். கல்யாணமானதும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரலும் கரகரத்தால் லேசரை மறந்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முகம் வெளுக்க மருந்துக் கடையில் ஏதாவது கிரீம் வாங்கிப் பூசுகிறீர்களா? கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், பையைத் திறந்தால் ட்யூப் இருக்கும். ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் முகத்தில் முடியை வளர்க்கும், தோலை மெலிதாக்கும். அந்தத் தோலில் லேசர் பட்டால் எளிதில் புண்ணாகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. எந்தத் தெருமுனைக் கடையில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், தருவார்கள்.

முதல் முறைக்கு நான்கு வாரம் முன்பிருந்தே த்ரெடிங்கும் வாக்சிங்கும் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் லேசருக்கு அங்கே என்ன வேலை? நடுவில் மழித்துக்கொள்ளலாம், மழித்தால் முடி தடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஸ்கூட்டரில் அலுவலகம் போவதானால் துப்பட்டாவை மட்டும் நம்பாமல் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன் ஸ்கிரீன் பூசுங்கள். சிகிச்சை முடிந்த ஒரு வாரத்துக்கு ப்ளீச், மஞ்சள், பயத்தமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம்.

கொப்புளமோ கறுத்த பொருக்கோ வந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து, பிய்க்காமல், ஓரிரு நாளுக்குள் வேறொரு தோல் மருத்துவரைப் பாருங்கள். கறுப்புத் தழும்பு பெரும்பாலும் மறையும், மாதக்கணக்கில் ஆகும். நாள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எந்தக் கருவி, எவ்வளவு ஆற்றல் என்ற சிகிச்சைக் குறிப்பின் நகலை மையத்திடம் கேளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. குறிப்பின் நகலைத் தர மறுத்தார்கள் என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.