வாசகர் கேள்வி: இளநீரை ஏன் மறுத்தார்கள்?

கேள்வி: மதுரையில் ஒரு மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் என் தந்தைக்குக் கொண்டு சென்ற இளநீரைச் செவிலியர் மறுத்துவிட்டார். தண்ணீரையும் அளந்தே தருகிறார்கள். இது முறையா?
- வாசகி, மேலூர்

பதில்: மதுரை வெயிலில் நோயாளிக்கு இளநீர் வாங்கிச் செல்வது நம் அன்பின் வழக்கம், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இதய மருந்துகளைப் பெறுபவருக்கோ அது இரத்தத்தில் அளவு மீறினால், இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் தர மறுத்தது முற்றிலும் சரி. இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவருக்கு மிகுதியான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆகவே உள்ளே செல்லும் நீரும் வெளியேறும் சிறுநீரும் மணிக்கு மணி குறிக்கப்படுகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து குறைந்தால், உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லையோ என்று செவிலியர் மருத்துவரை அழைப்பார். (வெறும் எழுத்து வேலையாகத் தோன்றும் அக்குறிப்பைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.) வாய் வறண்டால் ஈரப்பஞ்சால் உதட்டை நனைக்கலாமா என்று கேளுங்கள், தந்தை வீட்டில் உட்கொண்ட மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, அவர்களிடம் காட்டுங்கள்.