மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

இங்குள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு 13. போன வருடம் இவனிடம் தோற்ற பையன்கள் இப்போது முந்துகிறார்கள். பயிற்சியைக் கூட்டலாமா மாஸ்டர்?

வேண்டாம் அண்ணா. போட்டியன்று அவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்திலிருப்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. பையன்கள் மளமளவென்று வளர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி, பெண்பிள்ளைகள் 12ஐ ஒட்டி. இதிலும் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும். முந்தி வளர்ந்தவனுக்கு நீண்ட கை, பெரிய பாதம், கூடுதல் பலம். அந்த வயதுப் பதக்கத்தில் பாதி அதற்கே. நம்ம நாட்டு வீராங்கனை தாட்யானா ஸ்கூன்மேக்கர் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 2 நிமிடம் 18.95 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தபோது அவருக்கு 24 வயது. உங்கள் பையனுக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு அம்மா: பையன் திடீரென்று உயர்ந்துவிட்டான். ஆனால் நேரம் மோசமாகிறது.

செருப்பு அளவு மாறிவிட்டதா அக்கா? பாதமும் கைகாலும்தான் முதலில் நீளும். முதுகு அப்புறம். தசையின் பலம் வந்து சேர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை தன் கை எங்கே முடிகிறதென்றே அவனுக்குப் பிடிபடாது. என்னிடம் இருந்த ஒருவன் 25 மீட்டரை 18 கை வீச்சில் கடப்பான். உயர்ந்த பிறகு 22 தேவைப்பட்டது. சுவரில் திரும்பும்போது குதிகாலை இடித்துக்கொள்வான். ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுவிட்டு, வீச்சை மட்டும் எண்ணச் சொன்னேன். நாலைந்து மாதத்தில் 17க்கு வந்தான், நேரம் தானாக இறங்கியது. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எனக்கு எழுதுங்கள். கோடு விறுவிறுவென்று ஏறும் நாட்களில் தூரத்தைக் குறைப்பேன். தோள் வலித்தால் பேடில், அதாவது பயிற்சியில் உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டை, மாட்டவே கூடாது.

இன்னொருவர்: மகளுக்கு 14. இரண்டு வருடமாக நேரம் அசையவில்லை. சோம்பலா?

இல்லவே இல்லை. இடுப்பு அகலும், உடம்பில் கொழுப்பு கூடும், தண்ணீரில் உடம்பு கிடக்கும் விதமே மாறும். இந்த நேரத்தில் "எடையைக் குறை" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றாலோ, எப்போதும் களைப்பாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டி இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீந்தினால் உயரமாவானா?

மாட்டான். உயரமானவர்கள் நீச்சலில் நிலைக்கிறார்கள், அவ்வளவுதான்.

புரட்டாசியில் வீட்டில் கறி, மீன் கிடையாது. பலம் போதுமா?

போதும். சுகர் பீன்ஸ் (ஒருவகைக் காய்ந்த பீன்ஸ்) குழம்பு, பருப்பு, தயிர், பால் எல்லாம் இருக்கிறதே. குளத்தை விட்டு ஏறிய கையோடு ஏதாவது சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. எனக்குக் கவலை தூக்கம்தான். பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலை 5 மணிக்குக் குளத்துக்கு வருகிற பிள்ளை இரவு 11 வரை போன் பார்த்தால், வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை நானே நிறுத்திவிடுவேன்.