அப்பாவுக்குப் படுக்கைப்புண்; 'இஷ்டமில்லன்னா கூட்டிட்டுப் போங்க' என்கிறது முதியோர் இல்லம்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிவிட்டது. தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் ஒன்றரை வருடமாக இருக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும், மாதாமாதம் பணம் கட்டுவதும் அண்ணன்தான். போன மாதம் பார்க்கப் போனபோது இடுப்புக்குக் கீழே பெரிய புண். ஆளும் இளைத்துவிட்டார், எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். 'போன் செய்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும்' என்று இப்போது புது விதி. கேட்டால், 'வயசானா இப்படித்தான், இஷ்டமில்லன்னா கூட்டிட்டுப் போங்க' என்கிறார் மேலாளர். சேர்க்கும்போதே, 'எது நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல' என்று எழுதி வாங்கிவிட்டார்கள். 'வேறு இடம் கிடைக்காது, விட்டுவிடு' என்கிறார் அண்ணன். யாரும் அடித்து நான் பார்க்கவில்லை; ஆதாரமும் இல்லை. நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: கொடுக்கலாம். அதற்கு அண்ணனின் சம்மதம் தேவையில்லை. அடித்ததைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கவனிக்க வேண்டியவர் கவனிக்காமல் விடுவதையும் சட்டம் தவறாகத்தான் பார்க்கிறது. ஆதாரம் இல்லை என்கிறீர்கள். அது அப்பாவின் உடம்பிலும், அந்த இல்லத்தின் நோட்டுகளிலும் இருக்கிறது.

புகார் எழுதுவதற்கு முன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முடிந்தால் அரசு மருத்துவமனை. எப்படி இந்தப் புண் வந்தது என்று டாக்டர் கேட்கும்போது, 'இல்லத்தில் இருக்கும்போது வந்தது, சரியாகக் கவனிக்கவில்லை என்று சந்தேகப்படுகிறோம்' என்று வெளிப்படையாகச் சொல்லி, ஏ.ஆர். பதிவு (காயம் எப்படி வந்தது என்று மருத்துவமனை எழுதிவைக்கும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். புண் எந்த நிலையில் இருக்கிறது, நீளம் அகலம் ஆழம் எவ்வளவு, எடை என்ன, உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா, என்னென்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். படுக்கைப்புண் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் நிலை வெறும் தோல் சிவப்பு. மூன்றாவதில் தோலைத் தாண்டிக் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, எலும்பு வரை போய்விடும். இல்லத்தில் இருப்பவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஒரு புண் அந்த அளவுக்குப் போகாது.

ஒரு எச்சரிக்கை. நன்றாகக் கவனித்தாலும் சிலருக்குப் படுக்கைப்புண் வரத்தான் செய்யும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்லப்போவதும் அதைத்தான். அதனால் வழக்கின் உயிர் புண்ணில் இல்லை, புண் வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள், அதைக் குறித்தும் வைப்பார்கள். அந்தக் குறிப்பு, மருந்து கொடுத்த பதிவு, எடைப் பதிவு, டாக்டர் வந்துபோன தேதி எல்லாவற்றின் நகலையும் எழுதிக் கேளுங்கள். வந்ததும் நிதானமாகப் படியுங்கள். இரவு 2 மணி, 4 மணி, 6 மணி என்று ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் அது உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததாகக் குறிப்பு இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். தர மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் பதியுங்கள். மேலாளரிடம் வாயால் பேசியதை எல்லாம் அன்றைக்கே மின்னஞ்சலில் மூன்று வரியாக அனுப்பிவிடுங்கள்.

ஓயாத தூக்கத்தை நான் லேசாக விடமாட்டேன். ஆள் குறைவான இடங்களில் படுத்தவர் எழாமலிருக்கத் தூக்க மாத்திரை கொடுப்பதுண்டு. எந்த மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது, எதற்காக என்று சீட்டைக் கேளுங்கள்.

புண்ணைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். அதற்கு முன் அப்பாவிடம் கேளுங்கள், தலையாட்டினால் போதும். அசல் படம் அந்தப் போனிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றும் இணைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட்டுவிடாதீர்கள். அவதூறு என்று அவர்கள் திரும்பி வருவார்கள், அப்பாவின் மானமும் போகும்.

சரி, எங்கே போவது? பலருக்கும், சில வக்கீல்களுக்கும்கூட, நினைவுக்கு வராத வழி ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நீண்ட நாளாகக் கைகால் செயலிழந்திருப்பவர் அதன் விளக்கத்துக்குள் வருவார். அந்த விளக்கம் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. அதன் 7வது பிரிவுப்படி, கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் கொடுக்கலாம். நம் ஊரில் அவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். உடனே தடுக்கவும், தேவையானால் மீட்டுப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் அவர் உத்தரவிடலாம். பராமரிப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டால், அதே சட்டத்தின் 92வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. அப்பா இளைத்ததற்கு டாக்டர் என்ன காரணம் எழுதுகிறார் என்பது இங்கே முக்கியம்.

காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வராதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியத்துக்கு 125வது பிரிவு இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிக்க ஒப்பந்தம் போட்டுவிட்டு வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதற்கென்றே தனியாக 357வது பிரிவும் உண்டு. தண்டனை சின்னதுதான், மூன்று மாதம் வரை. ஆனால் 'நாங்கள் அடிக்கவே இல்லையே' என்ற பேச்சு அங்கே எடுபடாது. இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரக் கெடு உண்டு. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

'இல்லம் பொறுப்பல்ல' என்ற தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குற்ற வழக்கை எந்தக் கையெழுத்தாலும் தடுக்க முடியாது. நீதிமன்றம் போகும் உரிமையை முழுவதுமாகப் பறிக்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 28வது பிரிவுப்படி செல்லாது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கட்டியவர் அண்ணனாக இருந்தாலும், சேவையைப் பெற்றவர் என்ற முறையில் அப்பாவும் நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இல்லத்திலிருந்து அழைத்துவருவது பற்றி. இன்றைக்கே ஆபத்து என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம். இல்லையென்றால், போகிற இடத்தை முடிவுசெய்துவிட்டு எடுங்கள்; மேலாளர் மேலுள்ள கோபத்தில் எடுத்தால் அலைச்சல் அப்பாவுக்குத்தான். அவருக்குப் பேச்சு குழறினாலும் புரிதல் இருக்கிறது என்றால் முடிவு அவருடையது. இடது கையால் ஆம், இல்லை காட்டச் சொல்லி, கூட ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு கேளுங்கள். பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஆளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ள இல்லத்துக்கு உரிமை கிடையாது. பாக்கிக்கு அவர்கள் வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

வக்கீல் செலவுக்குத் தயங்கினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. அண்ணனிடம் இப்போதைக்குச் சண்டை வேண்டாம். ஒப்பந்தத்தின் நகலும் பணம் கட்டிய ரசீதும் அவரிடம்தான் இருக்கின்றன, முதலில் அவற்றை வாங்கி வையுங்கள்.