4294967297: இந்த எண்ணைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது 4294967297. 429 கோடியைத் தாண்டிய இந்த எண்ணைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

பிளஸ் டூ மாணவி: சார், இதைப் பகா எண் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே நம்பினாராமே?

ஆமாம்மா. 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 என்று வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது நம் எண். இதுவும், இப்படியே தொடர்பவையும் பகா எண்கள்தான் என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: கையால் கணக்குப் போட்டு 641-ஐ எப்படிப் பிடித்தார்?

வர்க்கமூலம் வரை சோதிப்பதென்றால் 6542 பகா எண்களால் வகுக்க வேண்டும், ஐயா. பின்னாளில் ஆய்லரே எழுதிய விளக்கம் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது: இதன் காரணி எதுவானாலும், 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது!

அதே மாணவி: வகுக்காமலே 641-ஐ நிரூபிக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 641 = 5 × 128 + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. சரி, 641 = 625 + 16 என்பதும் உண்மைதானே? அதாவது 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. அப்புறம் என்ன, 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது.

கணித ஆசிரியை: காரணியே தெரியாமல் பகு எண் என்று சொல்ல வழி உண்டா, சார்?

உண்டு, டீச்சர். ஒற்றைப்படைப் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதத்தில்தான் முடியும். இதுவோ 65536² + 1². அதோடு 62264² + 20449² என்றும் வருகிறது. இரண்டு விதம் வந்ததுமே பகா எண் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

மென்பொருள் பொறியாளர்: கணினியில் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், இது அடங்குமா, அண்ணா?

அடங்காது, தம்பி. குறியில்லாத (எதிர்ம எண்களுக்கு இடம் ஒதுக்காத) 32 பிட்டின் உச்சம் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆனால் அந்த உச்ச எண்ணை உடைத்துப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. மேலே சொன்ன அதே ஐந்து பகா எண்கள்! ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை இந்த வகைப் பகா எண்ணாகவோ, அவற்றில் வெவ்வேறானவற்றின் பெருக்கலாகவோ இருந்தால் மட்டுமே அந்த ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைய முடியும் என்பது விதி. அதனால் அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து, கொள்கையளவில், வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கையில் இன்றுவரை நாம் அறிந்த மிகப் பெரியது அதுதான். இரண்டே பக்கம் கூடினால், 4294967297-இல், முடியாது.