பாரிஸ் பயணம்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

பாரிஸ் போகத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். பாரிஸ் செலவு பிடிக்கும் ஊர்தான். ஆனால் கைப்பணம் அதிகம் கரைவது தவறான வரிசையில் வாங்குவதாலும் தவறான ஆளிடம் வாங்குவதாலும்தான்.

கேள்வி: பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 3, இத்தாலியில் 3 என்று திட்டம். ‘விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், விலை ஏறுகிறது’ என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா? விசா எந்த நாட்டிடம் கேட்பது?

பதில்: ஷெங்கன் விசா என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. அதை அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் கணக்கில் அது பிரான்ஸ். முதலில் சூரிச்சில் போய் இறங்கினாலும் இது மாறாது. நாட்கள் சரிசமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு என்ற விதி வரும். ‘அங்கே சீக்கிரம் ஸ்லாட் கிடைக்கிறது’ என்று வேறு நாட்டில் விண்ணப்பிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஹோட்டல் பதிவுகளை வைத்து இரவுகளை எண்ணித்தான் பார்ப்பார்கள்.

பிரான்ஸ் அரசின் விசா தளத்தில் படிவத்தை நிரப்பிய பிறகு, விசா விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் பதிய வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஸ்லாட்டை ஜனவரி, பிப்ரவரியிலேயே பிடித்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 6 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

அதனால்தான் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டாம் என்கிறோம். முன்பதிவைக் காட்டினால் போதும். கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாவது, பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டலையும் எடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ‘டம்மி டிக்கெட்’ தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பதிவு எண்ணைச் சரிபார்க்கும்போது அப்படி ஒரு பதிவே இல்லை என்றால், போலி ஆவணம் கொடுத்தவர் என்று உங்கள் பெயர்தான் கெடும்.

மறுப்புக்குப் பல நேரம் காரணம் பெரிய விஷயமாக இருக்காது. அலுவலக விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதி, காப்பீட்டில் வேறு தேதி, ஹோட்டலில் இடையே ஓர் இரவு காணோம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் அதுவும் கண்ணில் படும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட், திரும்பும் நாளிலிருந்து மேலும் 3 மாதம் செல்ல வேண்டும். கொடுத்து 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். எல்லாத் தாள்களையும் மேஜையில் பரப்பி, தேதிகளை மட்டும் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மெட்ரோவுக்கு வாரப் பாஸ் லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா?

பதில்: நீங்கள் எந்தக் கிழமை இறங்குகிறீர்கள் என்பதுதான் விடை. ‘நவிகோ’ வாரப் பாஸ், வாங்கிய நாளிலிருந்து 7 நாள் அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை. நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளியன்று கேட்டால் அடுத்த வாரத்துக்கானதே கிடைக்கும்.

2025ஆம் ஆண்டின் விலையை வைத்துக் கணக்குப் போடுவோம் (ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறுவது வழக்கம்). மெட்ரோ, ரயில் டிக்கெட் 2.50 யூரோ. பேருந்து, டிராம் 2 யூரோ. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், 13 யூரோ. வாரப் பாஸ் 31.60 யூரோ, அதற்கான அட்டைக்கு 5 யூரோ, ஆக 36.60. இதில் விமான நிலையப் பயணமும் அடக்கம். திங்களன்று இறங்கிச் சனியன்று கிளம்புபவர் தனித்தனியாக வாங்கினால், விமான நிலையத்துக்குப் போக வர மட்டும் 26 யூரோ. ஊருக்குள் நாளைக்கு 3 பயணம் என்று 5 நாளுக்கு 37.50. மொத்தம் 63.50. பாஸ் எடுத்தால் கிட்டத்தட்ட 27 யூரோ மிச்சம். வியாழனன்று இறங்கினாலும் ஞாயிறு வரை சுற்றுவதென்றால் பாஸே மலிவு. வெள்ளியன்று இறங்குபவர்கள் ஞாயிறு வரை வாரப் பாஸ் இல்லாமல் சமாளிக்க வேண்டியதுதான்.

தனி டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ள ‘நவிகோ ஈஸி’ அட்டை, 2 யூரோ. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி நான்கு பேர் உள்ளே போக முடியாது. வாரப் பாஸ் அட்டைக்கு 2.5க்கு 3 சென்டிமீட்டர் அளவில் புகைப்படம் தேவை. நம் ஊர் பாஸ்போர்ட் படம் பெரியது. புறப்படும் முன்பே வெட்டி எடுத்துப் போங்கள். பெயர் எழுதி, படம் ஒட்டி, கையெழுத்துப் போட்ட பிறகே பயன்படுத்துங்கள். படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான். மெட்ரோ டிக்கெட்டில் வந்து பேருந்துக்கு மாற முடியாது என்பதும் பலர் தடுக்கி விழும் இடம். அதற்கு வேறு டிக்கெட்.

பெட்டிகளோடு நான்கு பேர் என்றால் டாக்சியையும் கணக்கில் சேருங்கள். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. கூரையில் டாக்சி விளக்குள்ள வண்டிகள் நிற்கும் வரிசையில் மட்டும் ஏறுங்கள். முனையத்துக்குள்ளேயே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று அழைப்பவர் உரிமம் இல்லாதவர். கூடவே நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: ‘லூவ்ர், ஈஃபில், நோத்ர தாம் மூன்றுக்கும் வரிசையில் நிற்காத டிக்கெட்’ என்று ஒரு தளம் விற்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நோத்ர தாம் தேவாலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது. 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த நாளிலிருந்து அப்படித்தான். நேரப் பதிவும் இலவசம். பதியாமலும் வரிசையில் போகலாம். கோபுரம் ஏறுவதற்கு மட்டும் தனி டிக்கெட்.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு (நமக்கும்தான்) 32 யூரோ. அதற்கு முன் எல்லோருக்கும் 22. பழைய விலையில் யாராவது தந்தால் சந்தேகப்படுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலையில் போனால் கூட்டம் குறைவு. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை.

ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட்டுகள் 60 நாள் முன்பு விற்பனைக்கு வரும். உச்சிக்குப் போகிறவை சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இடைத்தரகரிடம் இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். முட்டி ஒத்துழைத்தால் படிக்கட்டு டிக்கெட் எடுக்கலாம். இரண்டாம் தளம் வரை 674 படிகள். எங்களைக் கேட்டால் பார்வைக்கு அந்தத் தளமே சிறந்தது. உச்சியிலிருந்து ஊர் வரைபடம் போலத் தட்டையாகத் தெரியும்.

தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். மேலே ‘விளம்பரம்’ என்ற சிறு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஹோட்டல் எங்கே எடுப்பது? வீட்டில் எல்லோரும் சைவம்.

பதில்: ஈஃபில் பக்கத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், மெட்ரோவுக்குப் பக்கத்தில் பாருங்கள். முகவரியின் அஞ்சல் எண் 75இல் தொடங்கினால்தான் அது பாரிஸ் நகரம். 95700 என்று இருந்தால் அது விமான நிலையத்தை ஒட்டிய ருவாசி. வீடு வாடகைக்கு எடுத்தால் விளம்பரத்தில் 13 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆளுக்கு, இரவுக்கு என்று நகர வரி உண்டு. பல தளங்கள் அதை முதல் விலையில் காட்டுவதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லாச்சப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, சோறு எல்லாம் கிடைக்கும். பிரெஞ்சு உணவகங்களில் பாட்டில் தண்ணீர் காசுக்கு வரும். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது; டிப்ஸ் கட்டாயமில்லை.

கேள்வி: கார்டு தேய்த்தால் மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்குமாமே?

பதில்: எப்போதும் யூரோ. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி வைக்கும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் திறந்துவிடுங்கள். பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு.

கேள்வி: வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி, வரித் திருப்பப் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். வரி 20 சதவீதம். இடைக் கட்டணம் போக 12 சதவீதம் அளவில் கைக்கு வரும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே ‘பாப்லோ’ எனும் சுங்கச் சரிபார்ப்பு இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டிப் பச்சைத் திரை வர வேண்டும். சிவப்பு வந்தால் பக்கத்தில் உள்ள சுங்க மேஜைக்குப் பொருளோடு போங்கள். பாரிஸுக்குப் பின் இத்தாலி போய் ரோமிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு பாரிஸ் இயந்திரம் பயன்படாது. சுங்க ஒப்புதலை ரோம் விமான நிலையத்தில்தான் வாங்க வேண்டும்.